பழைய வாகன ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அறிக்கை எப்படியும் தபாலில் போய்ச் சேரும்.

இந்த ஆண்டு செயற்குழு 9 முறை கூடியது. வாகன அணிவகுப்பு மழையால் பாதியில் நின்றது. பிரேக் பராமரிப்புப் பயிற்சி நல்லபடியாக முடிந்தது.

இனி, வண்டிகளின் முகப்பில் இருக்கும் நிறுவனச் சின்னங்களைப் படம் எடுத்துப் பதியும் நம் பதிவேடு. செயலாளர் தன் பொழுதுபோக்குக்குச் சங்கப் பணத்தைச் செலவழிக்கிறார் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் உறுப்பினர் ஒருவர் தன் பழைய மேக் நிறுவன லாரியின் மூக்கில் இருந்த புல்டாக் நாய் உருவத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளவென்று ஒரு புது நகலை மாட்டிவிட்டார். கேட்டதற்கு, "அதே நாய்தானே?" என்றார். அதே நாய் இல்லை. முதல் உலகப் போரில் எந்தச் சேற்றிலும் அசராமல் இழுத்த மேக் லாரிகளுக்கு பிரிட்டிஷ் சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயர் புல்டாக். 1932ல் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் ஆல்ஃபிரட் மாசுரி, அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் சும்மா படுத்திருக்க முடியாமல் செதுக்கிய உருவம்தான் பானெட் மேல் ஏறியது. அதன் வழிவந்த ஒன்று இன்று ஏதோ ஒரு பழைய இரும்புக் குவியலில் கிடக்கிறது. பதிவேடு தொடங்கியது அன்றுதான்.

ஒவ்வொரு வண்டியின் சின்னத்தையும் முன்னும் பின்னும் படம் எடுக்கிறோம். பின்பக்கம்தான் முக்கியம். முன்னால் எனாமல் மின்னும். பின்னால் செய்தவர் பெயர் பொறித்திருக்கும், பொருத்தும் முளைகள் இருக்கும், பழுதுபார்த்த ஈயம் தெரியும். எனாமல் என்பது பெயின்ட் இல்லை. கண்ணாடித் தூளை உலோகப் பள்ளங்களில் நிரப்பிச் சூளையில் உருக்கியது. அதை பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் ஓரம் பொரிந்து போகும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

சின்னம் வண்டியின் வயதையும் சொல்லும். மெர்சிடிஸ் நட்சத்திரத்தைச் சுற்றி லாரல் இலை வளையம் இருந்தால், அது 1926ல் டைம்லரும் பென்ஸும் இணைந்ததை ஒட்டி வந்தது. அப்புறம், உருவங்கள் ஏன் ரேடியேட்டர் உச்சியில் நிற்கின்றன என்று பலர் கேட்டார்கள். அந்தக் காலத்தில் ரேடியேட்டர் மூடி வெளியே இருந்தது. தண்ணீர் கொதிக்கிறதா என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பார்க்க, அதில் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற வெப்பமானியை மாட்டினார்கள். மூடி பானெட்டுக்கு உள்ளே போன பிறகும் உருவம் மட்டும் வெளியே நின்றுவிட்டது.

மாதக் கூட்டங்களில் இதைப் பற்றி மூன்று உரைகள் நிகழ்த்தினேன். முதல் உரையில் பி.எம்.டபிள்யூ. சின்னம் சுழலும் விமான விசிறிதான் என்று ஒரு மூத்த உறுப்பினர் ஒரேயடியாகச் சாதித்தார். அது 1917ல் பதிவான சின்னம். நீலமும் வெள்ளையும் பவேரியாவின் நிறங்கள். விசிறிக் கதை 1929 விளம்பரம் ஒன்றிலிருந்து கிளம்பியது. அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. இரண்டாவது உரை, 1913ல் வந்த, கழுத்தில் கட்டும் 'போ டை' போன்ற செவ்ரோலே சின்னம் பற்றியது. பாரிஸ் ஓட்டலில் சுவர்க் காகிதத்தில் பார்த்தது என்றார் செவ்ரோலே நிறுவனர்களில் ஒருவரான டுரன்ட். செய்தித்தாள் விளம்பரத்தில் பார்த்தது என்றார் அவர் மனைவி. சாப்பாட்டு மேசையில் அப்பா கிறுக்கியது என்றார் மகள். ஒரு வீட்டுக்குள்ளேயே மூன்று கதை! மூன்றாவது உரைக்கு வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் அறையைப் பூட்டக் காத்திருந்தவர்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவும் செலவும் கைகோத்து நடக்கின்றன, செலவு ஓரடி முன்னால். சின்னங்களைப் படம் எடுக்க விளக்கு இரண்டு வாங்கியது உண்மை. சரியான கோணத்தில் ஒளி விழாவிட்டால் எனாமலில் எழுத்தே தெரியாது. மொத்தம் 46 உறுப்பினர்களில் 19 பேர் சந்தா கட்டவில்லை. அதில் ஒருவர் இந்த ஆண்டு இரண்டு பம்பர்களுக்குப் புதிதாக குரோம் பூசியிருக்கிறார். வண்டி அழகாக இருக்கிறது, வாழ்த்துகள்.

இடம் தந்தவர்களுக்கும், படம் எடுத்துத் தந்த இளைஞர்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி. தலைவரின் வழிகாட்டுதலுக்கும் நன்றி.

பதிவேட்டில் இதுவரை 31 சின்னங்கள் ஏறியுள்ளன. மீதி உங்கள் கொட்டகைகளில் இருக்கின்றன. அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் சந்தோஷமாக ஒப்படைப்பேன். யாரும் முன்வராவிட்டால் என்ன செய்வதென்று யோசிக்க வேண்டும். அதுவரை உங்கள் சின்னத்தைத் துடைக்காமல், கழற்றாமல், வண்டியோடு கொண்டுவாருங்கள். கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். இந்தக் கூடத்துக்கு வேறு வாசல் இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்