பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் பிரேக் வேலை குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை எங்கள் பணிமனைக்குக் கொண்டுவரும் தங்களில் பலர் அண்மைக் காலமாகக் கேட்பது ஒன்றுதான்: "பிரேக் முன்போல் பிடிக்கவில்லை, பெரிய டிஸ்க்கும் பெரிய காலிபரும் போட்டுத் தர முடியுமா?" (டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு; காலிபர் என்பது பேட் எனும் உராய்வுக் கட்டைகளால் அதை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பாகம்.) உடனே முடியும் என்று சொல்லாமல், இருக்கிற பிரேக்கை முதலில் கழற்றிப் பார்த்துச் சரிசெய்து தருகிறோம், மற்றதைப் பிறகு பேசலாம் என்று நாங்கள் சொல்வதில் சிலருக்கு மனக்குறை இருப்பதை அறிவோம். நாங்கள் ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதை விளக்கவே இம்மடல்.

சில மாதங்களுக்கு முன் எம்ஜிபி என்னும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று எங்களிடம் வந்தது. முன்னால் 10.75 அங்குல டிஸ்க்கும் பின்னால் 10 அங்குல டிரம்மும் கொண்ட வண்டி அது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தபோது முன் இடது சக்கரத்தில் கருகல் வாடை அடித்ததாகவும், வண்டி இடப்பக்கமாக இழுத்ததாகவும் உரிமையாளர் சொன்னார். புதிய காலிபர் செட்டுக்கு அவர் விலைகூட விசாரித்து வைத்திருந்தார். ஜாக்கி போட்டுத் தூக்கி, பெடலை ஒருமுறை மிதித்து விட்டோம். அதன்பின் அந்தச் சக்கரம் கையால் சுற்றவில்லை. பிரேக் ஆயிலைக் காலிபருக்குக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸுக்கு மேலே உள்ள இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தியும் சக்கரம் விடவில்லை. காலிபரில் காற்றையும் ஆயிலையும் வெளியேற்ற உள்ள சிறு திறப்பான பிளீடிங் நிப்பிளைத் திறந்ததும் ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் தானாகச் சுழன்றது. அப்படியென்றால் பழுது இரண்டுக்கும் நடுவில் இருந்த ஹோஸில்தான். அதைக் கழற்றி நெடுக அறுத்துப் பார்த்தபோது, வெளியே மழமழவென்று கறுப்பாக இருந்த அந்த ஹோஸ், உள்ளே உப்பிப்போய், தையல் ஊசி நுழையும் அளவுக்கே வழி விட்டிருந்தது. நம் காலின் அழுத்தம் அந்தத் துளை வழியே ஆயிலை உள்ளே தள்ளிவிடும். ஆனால் காலிபர் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது, முறுகிய ரப்பர் சீல் நிமிரும்போது கிடைக்கும் சிறு விசைதான்; அதனால் ஆயிலைத் திருப்பி அனுப்ப முடிவதில்லை. பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். அந்த வண்டிக்குத் தேவைப்பட்டது ஹோஸ்களும் இரண்டு சீல் கிட்களும் மட்டுமே. ஹோஸை மாற்றாமல் புதிய காலிபரை மாட்டியிருந்தால், அதுவும் அதே போல் சூடேறியிருக்கும்.

நம் பகுதியில் பிரேக்கைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாகப் பேசக் காரணம் மலைச்சாலைகள். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது வண்டி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே வண்டியைச் சுமார் 45 தடவை முழுவதுமாக நிறுத்துவதற்குச் சமம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வண்டியின் எடை எவ்வளவாயினும் இந்த எண் மாறாது. எஞ்சினும் எதிர்காற்றும் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் கீழ் கியரில் இறங்காதவருக்கு மிச்சம் அனைத்தும் பிரேக்கின் தலையில்தான் விழும். அங்கேதான் பழைய பிரேக் ஆயில் கைவிடுகிறது. டாட் 3 என்னும் தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த அளவு 140 டிகிரிதான். டாட் 4 ஆயிலுக்கு இவை 230, 155. கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். மிதித்தால் குமிழ்கள் நசுங்குமே தவிர, அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது, பெடல் தரை வரை போய்விடும். வண்டி ஆறியதும் பெடல் பழையபடி இறுகிவிடுவதால், மதுரைக்கு வந்து எங்களிடம் காட்டும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். பெடல் ஒருமுறை அப்படிப் போனது என்று தாங்கள் சொன்னால் அதை நாங்கள் முழுமையாக நம்புகிறோம், தயங்காமல் சொல்லுங்கள். வண்டி குறைவாக ஓடினாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியே ஆக வேண்டும், நின்றிருக்கும் வண்டியிலும் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது.

டிஸ்க்கைப் பொறுத்தவரை, குறைந்தபட்ச கனம் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் சுற்றிலும் பல இடங்களில் அளந்து, சீவிய பிறகும் அந்தக் கனம் மிஞ்சும் என்றால் மட்டுமே லேத்துக்கு அனுப்புவோம். பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவோம்.

இத்தனையும் செய்த பின் பிரேக் போதவில்லை என்றால், மேம்படுத்தும் வேலையை மகிழ்ச்சியோடு செய்கிறோம். ஆனால் முன்சக்கரத்துக்கு மட்டும் பெரிய பிரேக் போட்டுக் கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்ல விரும்புகிறோம். மாஸ்டா நிறுவனம் 1989-இல் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 காரில், 1.6 லிட்டர் வண்டிக்கு முன் டிஸ்க் 235, பின் டிஸ்க் 231 மில்லிமீட்டர். பின்னர் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது அவற்றை 255, 251 என்று ஆக்கினார்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு கூட்டியிருப்பதைக் கவனியுங்கள். முன்பக்கம் மட்டும் வலுத்தால் முன்சக்கரங்கள் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், பின்பிரேக் தன் பங்கைச் செய்யாமலே நிற்கும். பின்பக்கம் மிகுந்தாலோ ஈரச் சாலையில் வண்டி சுழன்றுவிடும். பெரிய பிஸ்டன் கொண்ட காலிபருக்குக் கூடுதல் ஆயில் வேண்டும் என்பதால், பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தித் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரோடு அதை இணைத்தால் பெடல் ஆழமாகப் போகும். பெரிய மாஸ்டர் சிலிண்டரைப் போட்டால் பெடல் கடினமாகும். ரிம்முக்குள் இடம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. இவற்றையெல்லாம் காகிதத்தில் எழுதிக் காட்டிய பிறகே பொருள் வாங்கச் சொல்வோம்.

வேறிடத்தில் பிரேக் ஆயில் தொட்டியில் எஞ்சின் ஆயில் ஊற்றப்பட்டு வந்த ஒரு வண்டியில், மாஸ்டர் சிலிண்டர் முதல் நான்கு சக்கரங்கள் வரை இருந்த ரப்பர் அத்தனையும் ஊறி உப்பி வீணாகிப்போனதைப் பார்த்து எங்கள் மனம் வருந்தியது. அவசரத்துக்குக்கூட வேறு எண்ணெயை ஊற்ற அனுமதிக்க வேண்டாம். பிரேக் பாகங்களைப் பெட்ரோலாலும் டீசலாலும் கழுவவும் விடாதீர்கள். டிரம் பிரேக்கின் உராய்வுப் பட்டையான பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், எங்கள் பணிமனையில் டிரம்மின் தூசியைக் காற்றடித்து ஊதுவதில்லை, நனைத்தே துடைக்கிறோம். எங்கள் பையன்களின் நுரையீரல் எங்களுக்கு முக்கியம்.

புதிய பேட் போட்ட வண்டியை, விடியற்காலையில் சுற்றுச்சாலையில் நாங்களே ஓட்டி, மிதமான வேகத்திலிருந்து படிப்படியாகப் பிரேக் பிடித்துப் பதப்படுத்தித் தருவதால், கிலோமீட்டர் சற்றுக் கூடியிருக்கும். அதன் பின்னும் முதல் 300 கிலோமீட்டருக்கு, தவிர்க்க முடியாத நேரம் தவிர, அழுத்திப் பிடிக்க வேண்டாம். கழற்றிய பாகங்களைத் தங்கள் பார்வைக்கு ஒரு வாரம் எடுத்து வைத்திருப்போம். இறக்குமதி வண்டிகளின் சீல் கிட் வந்துசேரப் பல வாரங்கள் ஆகலாம் என்பதால், கோடையில் கொடைக்கானல் செல்ல எண்ணுவோர் மாசி மாதத்துக்குள் வண்டியை ஒருமுறை கொண்டுவந்து காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
பணிமனையினர்,
மதுரை.