தேக்கை மொத்தமாக விற்றுவிடாதே

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்குப் பையன் பிறந்திருக்கிறான். குழந்தையும் அவளும் இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறார்கள், ராத்தூக்கம் போச்சு. தென்னையில் வெள்ளை ஈ இந்த வருடமும் விட்டபாடில்லை. இளநீருக்கு விலை கிடைப்பதால் என் புலம்பல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, உன் தேக்குத் தோப்பு விஷயம். நின்ற நிலையிலேயே மொத்தத்துக்கும் ஒரு தொகை பேசி வியாபாரி அட்வான்ஸ் நீட்டுகிறார், வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. அதற்காக இப்போது இருக்கிற மாதிரியே விட்டு வைக்கவும் வேண்டாம்.

உங்கள் அப்பா கன்று வைத்த காலம் நினைவிருக்கிறதா? 1990களில் பேப்பரைத் திறந்தால் தேக்குக் கம்பெனி விளம்பரம்தான். இன்று சில ஆயிரம் போட்டால் இருபது வருடத்தில் லட்சம் என்றார்கள். கடைசியில் பலர் பணம் போனதுதான் மிச்சம். 1999இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி விதிமுறை கொண்டுவந்த பிறகுதான் அந்த ஆட்டம் ஓய்ந்தது. உங்கள் அப்பா கெட்டிக்காரர், எவனிடமும் பணம் கட்டாமல் சொந்த நிலத்தில் கன்றை வைத்தார். ஆனால் ஆறடிக்கு ஆறடி. ஏக்கருக்கு ஆயிரத்துக்கு மேல் வருகிறது. நெருக்கி நடுவது தப்பில்லை, அப்போதுதான் மரம் கிளை விடாமல் நேராக ஓடும். நாலாவது வருட வாக்கில் ஒரு தரம், எட்டாவது வருட வாக்கில் ஒரு தரம், அப்புறம் இடைவெளி கூட்டிக்கொண்டே போய், நடுநடுவே மரத்தை வெட்டியெடுத்துப் பாதி பாதியாகக் கலைத்திருக்க வேண்டும். அதைச் செய்ய ஆளில்லை. இப்போது எல்லா மரமும் உயரமாக, ஒல்லியாக, உச்சியில் மட்டும் கொஞ்சம் இலையோடு நிற்கின்றன.

கேரளத்து நிலம்பூருக்கு ஒரு தரம் போய்ப் பார். மலபார் கலெக்டராக இருந்த கனோலியும் அவருக்குக் கீழே வேலை பார்த்த சாத்து மேனோனும் 1840களில் ஆரம்பித்த தேக்குத் தோட்டம். பாதுகாத்து வைத்திருக்கிற அந்தப் பழைய துண்டு இரண்டேகால் ஹெக்டேர் சொச்சம்தான். அதில் நிற்பது நூற்றுச் சொச்சம் மரம். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு இருபதுதான் வரும்! பெரிய மரத்தைக் கட்டிப்பிடிக்க ஒரு ஆள் போதாது.

பணம் எங்கே இருக்கிறது என்று பார். நம் ஊர் மரக்கடையில் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். இரண்டடிச் சுற்று, பத்தடி நீளம் என்றால் இரண்டரை கன அடி. அதே நீளம், நாலடிச் சுற்று என்றால் பத்து கன அடி. சுற்று இரட்டித்தால் கன அடி நாலு மடங்கு. (இந்தக் கால்சுற்றுக் கணக்கே உருண்டை மரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விட்டுவிடும், அது தனி வயிற்றெரிச்சல்.) பெருத்த மரத்தில் வைரம், அதாவது நடுவில் இருக்கிற கெட்டிக் கட்டை, அதிகம், அதனால் கன அடி விலையும் ஏறும். ஒல்லி மரங்களைக் கண்மதிப்பில் விற்றால் இரண்டு பக்கமும் நஷ்டம் உனக்குத்தான்.

ஆகவே ஊடே ஊடே வெட்டு. கோணல், கவை பிரிந்தது, அடியில் அமுங்கிப்போனது, நோய் கண்டது முதலில் போகட்டும். வெட்டுகிறவனிடம் பொறுப்பை விட்டால் பருத்ததைத்தான் தூக்குவான். நிற்க வேண்டிய மரத்துக்கு நீயே பெயிண்ட் அடித்துவிடு. ஒரேயடியாகப் பாதியைக் காலி பண்ணிவிடாதே. இத்தனை வருடம் ஒன்றையொன்று அணைத்து நின்றவை, திடீரென்று காற்றில் விட்டால் வளையும், சாயும், தண்டெல்லாம் பக்கத் துளிர் விடும். மூன்று நாலு வருட இடைவெளியில் தவணை தவணையாகச் செய். இந்த வயதில் கலைத்தால் சின்ன வயதில் கலைத்த அளவுக்குப் பருக்காது, ஆனாலும் பருக்கும்.

இடைவெளி விட்டால் வெயில் தரைக்கு வரும், புல்லும் புதரும் எழும். அதைக் களை என்று மொத்தமாகச் சுரண்டிவிடாதே. தேக்கு இலை பெரிது. மழைத்தண்ணீர் அதில் திரண்டு பெரிய சொட்டாக விழுந்து வெறும் மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். கீழே செடி இருந்தால் அது தாங்கும். உண்ணிச்செடியை மட்டும் வேரோடு பிடுங்கு. இலைதின்னிப் புழு உனக்குத் தெரியும், கோடை மழை விழுந்த கையோடு வந்து தோப்பையே மொட்டையடித்துவிடும். மரம் சாகாது, ஆனால் வளர்ச்சி நின்றுவிடும். பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் நிலம்பூரில் இளம் தோட்டங்களை ஆராய்ந்து, வளர வேண்டிய மரக்கனத்தில் 44 சதவீதம் இந்தப் புழுவால் போகிறது என்று கண்டார்கள். கரிச்சானும் மாங்குயிலும் புழுவை ஒழித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், கூட்டமாக வரும்போது எந்தப் பறவையாலும் முடியாது. ஆனால் புதரும், ஓரத்தில் ஒரு அத்தி, ஒரு நாவலும் இருக்கிற தோப்பில் அவை வருடம் முழுக்கத் தங்கும். பட்டுப்போன மரம் இரண்டை நடைபாதைக்குத் தள்ளி அப்படியே நிற்க விடு. மரங்கொத்தி பொந்து போட்டால் அதில் பின்னால் கிளியோ ஆந்தையோ குடியேறும். விறகாக விற்றால் என்ன பெரிதாகக் கிடைத்துவிடப் போகிறது?

உன் மருமகன் காட்டேஜ் கட்டி வாடகைக்கு விடலாம் என்கிறாராம். மலையடிவாரம், மலைப்பகுதியில் கட்டடம் கட்ட வாங்குகிற ஹாகா அனுமதி அது இது என்று அலைச்சல். அதைவிட, ராத்திரியில் யானை நடக்கிற இடத்தில் விளக்கும் பாட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. மாசி, பங்குனியில் தீக்குப் பயந்து தோப்பைச் சுற்றியும் குறுக்கேயும் சருகு கூட்டிச் சுத்தம் பண்ணத்தான் போகிறாய். அந்தத் தடத்தைக் கொஞ்சம் அகலமாக, வளைவாக விட்டால் அதுதான் நடைபாதை. முட்டிக்கும் நல்லது. பேரப்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டட்டும்.

எதையும் வெட்டுவதற்கு முன் சிட்டா, அடங்கலோடு வி.ஏ.ஓ.வையும் வனச்சரக அலுவலகத்தையும் பார்த்துவிடு. பட்டா நிலத்துத் தேக்கானாலும் சீட்டு இல்லாமல் லாரி ஏற்றினால் வழியில் மடக்குவார்கள்.

முதல் வேலையாக ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போ. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், மூலைக்கு மூலை கொஞ்சம் மரங்களைச் சுற்றி அளந்து எழுதி அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு முதல் தவணையில் எத்தனை எடுக்கலாம் என்று சொல்கிறேன். அதுவரை வியாபாரியிடம், பொள்ளாச்சிக்காரனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று என் தலையில் பழியைப் போடு.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன்,
தங்கவேல்