மகளுக்கு: முதலில் பண்ணையைத் தேடு

அன்பு மகளுக்கு,

மருமகனின் முன்னோர் நோர்வேயில் எந்த இடம் என்று கண்டுபிடித்துப் பேரப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். நல்ல காரியம், கட்டாயம் செய். ஆனால் வீட்டில் தெரிந்தவை மூன்று விஷயங்கள்தான் என்கிறாய்: பூட்டனின் பெயர் ஊலே லார்சன், அமெரிக்காவில் ஹௌகன் என்று வைத்துக்கொண்டார், கிறிஸ்தியானியாவில் இருந்து வந்தார். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு நோர்வேப் பதிவுகளுக்குள் இறங்காதே. ஊலே லார்சன் என்ற பெயரில் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஆட்கள் இருந்தார்கள். ஹௌகன் என்ற பண்ணைகளும் நாடு முழுக்க உண்டு. வயது கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒருவரைப் பிடித்து இவர்தான் என்று எழுதிவிட்டால், அதற்கு மேலே நீ சேர்க்கிற தலைமுறை எல்லாமே வேறொருவருடைய குடும்பம்.

1825 ஜூலை 4ஆம் திகதி ஸ்தவாங்கரில் இருந்து 52 பேரோடு புறப்பட்ட "ரெஸ்தொராஷொன்" என்ற சிறிய பாய்க்கப்பல்தான் நோர்வேக்காரரின் அமெரிக்கக் குடிபெயர்வுக்குத் தொடக்கம். அடுத்த நூறு ஆண்டுகளில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். அத்தனை பேருக்குள் ஒருவரை அடையாளம் காண உனக்குத் தேவை அவர் பிறந்த பண்ணையும் அது இருந்த பங்கும், அதாவது ஒரு லூத்தரன் கோவிலின் கீழ் வரும் ஊர்ப்பிரிவும். அந்த இரண்டையும் முதலில் அமெரிக்காவிலேயே தேடு.

கிறிஸ்தியானியா என்பதைப் பிறந்த ஊர் என்று எடுத்துக்கொள்ளாதே. 1925 வரை ஒஸ்லோவின் பெயர் அது. பெரிய துறைமுகமும் அதுதான். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் இருந்து வந்தவர்கள் கப்பல் ஏறிய இடத்தையே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். பேர்கனும் அப்படித்தான், அதோடு அந்தப் பெயர் சுற்றியிருந்த பெரிய மாவட்டங்களின் பெயர்களிலும் இருந்தது.

நீ முதலில் போக வேண்டியது அவர்கள் சேர்ந்திருந்த லூத்தரன் சபையின் ஏட்டுக்கு. மினசோட்டா, விஸ்கொன்சின், அயோவா, டகோட்டாப் பக்கத்து நோர்வேச் சபைகள் ஞானஸ்நானம், திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளை சபையில் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு), திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் பல காலம் நோர்வே மொழியிலேயே எழுதிவைத்தன. அடக்கப் பதிவிலும் அங்கத்தவர் பட்டியலிலும் நோர்வேயில் பிறந்த பங்கின் பெயரைப் பல போதகர்கள் எழுதியிருக்கிறார்கள். சபை மூடப்பட்டிருந்தால் ஏடுகள் பெரும்பாலும் திருச்சபையின் காப்பகத்துக்கோ பக்கத்துச் சபைக்கோ போயிருக்கும். ஆங்கில இறப்புச் சான்றிதழில் "நோர்வே" என்று ஒரு சொல்தான் இருக்கும், அதோடு நின்றுவிடாதே. அயோவாவின் டெக்கோராவில் 1874 முதல் 1972 வரை வெளிவந்த "டெக்கோரா-போஸ்டன்" போன்ற நோர்வே மொழிப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களில் பண்ணையும் பங்கும் சேர்ந்தே வருவதுண்டு. 1900ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் குடியேறிய வருடம் கேட்கப்பட்டது. சொன்னவர்கள் நினைவில் இருந்து சொன்னதால் இரண்டு மூன்று வருடம் முன்பின் இருக்கலாம். 1890 கணக்கைத் தேடி நேரத்தைச் செலவழிக்காதே, 1921இல் ஏற்பட்ட தீயோடு அதில் அநேகமாக எல்லாமே போய்விட்டது.

அரசு இலவச நிலம் எடுத்த குடும்பம் என்றால் நிலக் கோப்பையும் கேட்டு வாங்கு. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர், ஐந்து வருடம் குடியிருக்க வேண்டும். வேற்று நாட்டவர் குடியுரிமைக்கான சான்றும் காட்ட வேண்டியிருந்தது. அந்தச் சான்று கோப்புக்குள்ளேயே இருக்கும். 1905 வரை நோர்வேயும் சுவீடனும் ஒரே அரசரின் கீழ் இருந்தன. ஆகவே "சுவீடன், நோர்வே அரசருக்கான விசுவாசத்தைக் கைவிடுகிறேன்" என்று அதில் இருந்தால், ஆள் சுவீடன்காரரோ என்று குழம்பாதே.

இனிப் பெயர். இது பிடிபடாமல் ஒரு அடியும் எடுத்துவைக்க முடியாது. லார்சின் மகன் லார்சன், மகள் லார்ஸ்தத்தர். நம் வீட்டில் தகப்பன் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிற மாதிரித்தான், ஊலே லார்சனின் மகன் ஊல்சன் ஆகிவிடுவார். கல்யாணம் கட்டினாலும் பெண்ணின் தகப்பன் பெயர் மாறாது. மூன்றாவதாக வரும் பண்ணைப் பெயர் விலாசம் மாதிரி. பண்ணை மாறிக் குடியேறினால் அதுவும் மாறும். ஒரே மனிதர் பிறந்தபோது ஒரு பண்ணைப் பெயரிலும், திடப்படுத்தலின்போது வேலை செய்த பண்ணையின் பெயரிலும், கல்யாணத்துக்குப் பிறகு மனைவி வீட்டுப் பண்ணையின் பெயரிலும் பதிவாகியிருக்கலாம். நிலையான குடும்பப் பெயர் சட்டத்தில் வந்தது 1923இல்தான். மருமகனின் பூட்டன் வைத்துக்கொண்ட ஹௌகன், அவர் பிறந்த பண்ணையாகவும் இருக்கலாம், கடைசியாகக் கூலிக்கு நின்ற பண்ணையாகவும் இருக்கலாம்.

பண்ணைப் பெயர் இருந்தால் காணிக்காரர் என்றும் எண்ணிவிடாதே. "ஹூஸ்மான்" என்று சொல்லப்பட்டவர்கள் பண்ணைக்காரரின் நிலத்தில் ஒரு துண்டில் வீடு கட்டிக்கொண்டு, வாடகைக்குப் பதில் உழைப்பைக் கொடுத்தவர்கள். அவர்களும் அந்தப் பெயரால்தான் பதிவாகியிருக்கிறார்கள். அமெரிக்கா போனவர்களில் அவர்கள் ஏராளம்.

பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் முறையும் கைகொடுக்கும். முதல் மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர். பெண் பிள்ளைகளுக்கும் இதே ஒழுங்கில் இரண்டு பக்கத்துப் பாட்டிமாரின் பெயர். குழந்தை இறந்தால் அடுத்து வந்த பிள்ளைக்கு அதே பெயர். துணை இறந்து மறுமணம் செய்தால், இறந்தவரின் பெயர் புதுப் பிள்ளைக்கு. அதனால் ஒரே வீட்டில் இரண்டு ஊலே கண்டால் பதிவு பிழை என்று ஒன்றைத் தள்ளிவிடாதே, இறப்புப் பதிவைப் பார். இந்த முறை வழக்கம்தான், சட்டம் இல்லை. எங்கே தேடலாம் என்று காட்டும், இவர்தான் என்று நிரூபிக்காது.

நியூயோர்க்கின் குடிவரவு நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றினார்கள் என்று மருமகன் வீட்டில் சொன்னால், அதை அப்படியே விடு, வாதாட வேண்டாம். அங்கே கப்பல் பட்டியலை வைத்துத்தான் ஆட்களைச் சரிபார்த்தார்கள். 1892க்கு முன்னால் அந்த நிலையமே இல்லை. பெயரை மாற்றியது பெரும்பாலும் அவர்களேதான், பள்ளிக்கூடமும் அயலவர்களும் எழுதிய எழுத்துக்கு ஏற்ப. ஸேத்தர் சாதர் ஆனது, லீ (Lie) என்ற பண்ணை ஆங்கில லீ (Lee) ஆனது. லார்ஸ் லூயிஸ் ஆனதும் குரி ஜூலியா ஆனதும் சாதாரணம்.

பங்கின் பெயர் கிடைத்த பிறகு நோர்வேத் தேசியக் காப்பகத்தின் "டிஜிட்டால்ஆர்க்கிவெட்" தளத்துக்குப் போ. இலவசம். 1801, 1865, 1875, 1900, 1910, 1920 குடிசன மதிப்பீடுகளைப் பெயர் போட்டுத் தேடலாம். தேடும்போது பண்ணைப் பெயரை விட்டுவிடு. முதற்பெயர், தகப்பன் பெயர், பிறந்த வருடம், பங்கு, இவ்வளவு போதும். பெயரின் முதல் சில எழுத்துகளுக்குப் பிறகு நட்சத்திரக் குறி போடு, ஏனென்றால் ஒரே பெயரை எழுத்தர்கள் பல விதமாக எழுதினார்கள். 1865இல் வயது மட்டும்தான் இருக்கும், அதனால் பிறந்த வருடத்தில் ஒன்றிரண்டு முன்பின் விட்டுத் தேடு. 1910இல் பிறந்த திகதியே உண்டு. அவர் போய்விட்டாலும் பின்னால் தங்கிய தம்பி தங்கைகள் அதில் கிடைப்பார்கள்.

குடிசன மதிப்பீட்டில் ஆள் கிடைத்ததும் நிறுத்தாதே. கோவில் பதிவேட்டில் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். ஞானஸ்நானப் பதிவில் பிறந்த நாள், தாய் தகப்பன், வீடு, ஞானப்பெற்றோர் பெயர்கள் இருக்கும். ஞானப்பெற்றோர் அநேகமாகப் பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள்தான், எல்லாரையும் எழுதிக்கொள். பதினைந்து வயதுவாக்கில் திடப்படுத்தல். அதில் பிறந்த நாளும் பெற்றோரும் மறுபடி வருவார்கள், அம்மைக் குத்தின திகதியும் இருக்கும். பிறகு திருமணம். கடைசியாக, பலர் திறந்தே பார்க்காத "வெளியேறியோர்" பட்டியல். போதகர் சான்று கொடுத்த திகதியும், எங்கே போகிறார் என்பதும் அதில் இருக்கும். அந்த ஊலே அந்தப் பங்கில் இருந்து அமெரிக்காவுக்குப் போனார் என்று அந்த ஒரு வரி சொன்னால்தான் எனக்கு மனம் ஒப்பும். பிறந்த நாள் அமெரிக்கச் சபை ஏட்டோடு ஒத்துப்போக வேண்டும், பெற்றோர் பெயர் ஒத்துப்போக வேண்டும், புறப்பட்ட காலம் ஒத்துப்போக வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் அடுத்த ஊலேயைப் பார்.

பொலிஸ் வைத்திருந்த குடிபெயர்வோர் பதிவும் உண்டு. கிறிஸ்தியானியாவிலும் த்ரொன்ஹைமிலும் 1867இல் இருந்து, பேர்கனில் 1874இல் இருந்து. ஸ்தவாங்கரின் பழைய ஏடுகள் தப்பவில்லை. 1850கள், 60களில் போனவர் என்றால் நியூயோர்க் கப்பல் பட்டியலில் தேடிக் களைக்காதே, அந்தக் காலத்துப் பாய்க்கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் கியூபெக்குக்குத்தான் போயின. நீராவிக் கப்பல் காலத்தில் பலர் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் போய், அங்கே வேறு கப்பல் ஏறினார்கள்.

எழுத்து உன்னைத் திணறடிக்கும். பழைய கோதிக் கையெழுத்தில் e பார்க்க n மாதிரி இருக்கும். u தலைக்கு மேல் ஒரு சிறு வளைவோடு நிற்கும், அந்த வளைவுதான் அதை n இல்லை என்று காட்டும். நீண்ட s, f மாதிரி. தனித்தனி எழுத்தாகக் கூட்டாமல், அதே பக்கத்தில் உனக்கு நிச்சயமாகத் தெரிந்த சொற்களைப் பிடி. மாதப் பெயர்களும் ஊலே, லார்ஸ் போன்ற பெயர்களும் நல்ல தொடக்கம். அதே போதகரின் கை அதே எழுத்தை எப்படி வளைக்கிறது என்று பார்த்து மற்றதைப் படி. 1820வாக்கில் அச்சடித்த கட்டங்கள் வந்த பிறகு வாசிப்பது சுலபம். அதற்கு முன் திகதிக்குப் பதில் திருநாளின் பெயர்தான் இருக்கும். மை ஊறிப் படிக்க முடியாத பக்கம் வந்தால், கோவில் உதவியாளர் வைத்திருந்த இரண்டாம் பிரதி இருக்கிறதா என்று பார். பல பங்குகளில் உண்டு.

பண்ணை உறுதியானால் அந்த ஊரின் "பிக்தெபூக்" தேட வேண்டும். ஊரில் உள்ள ஒவ்வொரு பண்ணையிலும் யார் யார் இருந்தார்கள் என்று தலைமுறை வாரியாக எழுதிய ஊர்ப் புத்தகம் அது. ஹூஸ்மான் குடும்பங்கள் பெரும்பாலும் அந்தப் பண்ணையின் கடைசிப் பக்கங்களில்தான் இருப்பார்கள். தேசிய நூலகம் பலவற்றை மின்னுருவாக்கியிருக்கிறது, ஆனால் புதிய புத்தகங்கள் பல நோர்வேக்குள் இருந்தால்தான் திறக்கும். அதை நான் இங்கே நோர்வேயில் இருந்து பார்த்துத் தருகிறேன். பல குடும்பங்களில் ஒரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் "அமெரிக்கா போனார்" என்று மட்டும் இருக்கும். மிச்சம் உங்களிடம் இருக்கிறது. வேலை முடிந்ததும் அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு அதை எழுதி அனுப்பு, அவர்களுக்கு அது பெரிய கொடை.

உங்கள் பக்கத்திலும் உதவி உண்டு. விஸ்கொன்சினின் மடிசனில் நோர்வே அமெரிக்க வம்சாவளி மையமும் நூலகமும், டெக்கோராவில் வெஸ்தர்ஹைம் அருங்காட்சியகம், மினசோட்டாவின் நோர்த்பீல்டில் 1925இல் தொடங்கிய நோர்வே அமெரிக்க வரலாற்றுச் சங்கம். ஒரே மாவட்டத்துக்காரர்கள் சேர்ந்து நடத்தும் "பிக்தெலாக்" சங்கங்களையும் கேள். 1899இல் வால்திரஸ் மாவட்டக்காரர்கள் தொடங்கியதுதான் முதலாவது.

இனி வீட்டில் இருக்கும் சாமான்கள். மரப்பெட்டியின் முகப்பில் பூவேலையோடு பெயரும் வருடமும் இருக்கிறது என்றாய். அது புறப்பட்ட வருடம் என்று எடுத்துக்கொள்ளாதே. பல பெட்டிகள் ஒரு தலைமுறைக்கு முன்னரே கல்யாணத்துக்குச் செய்தவை. பெட்டியைக் கழுவவோ மெருகெண்ணெய் பூசவோ கூடாது, மென்மையான உலர்ந்த தூரிகை போதும். கடிதங்களின் மேல் வலது மூலையைப் பார், பண்ணைப் பெயரும் திகதியும் அங்கேதான் எழுதுவார்கள். உறையை எறிந்துவிடாதே, தபால் முத்திரை பக்கத்து ஊரைக் காட்டும். படங்களின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ இருந்த நகரம் அச்சாகியிருக்கும். பாட்டுப் புத்தகத்தின் முதல் தாளில் திடப்படுத்தல் பரிசாகக் கிடைத்த நாள் எழுதியிருக்கலாம். எல்லாவற்றையும் 600 டிபிஐயில், நிறத்தில், இரண்டு பக்கமும் ஸ்கேன் செய். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதே, பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும். லாமினேட் செய்யவே வேண்டாம். அமிலமில்லாத பெட்டியில் போட்டு, மாடிப்பரணிலோ நிலவறையிலோ அல்லாமல் சாதாரண அறையில் வை.

சம்பந்தி அம்மா லெஃப்ஸ என்ற நோர்வே உருளைக்கிழங்கு ரொட்டி செய்யும்போது பக்கத்தில் ஒரு தராசை வை. அவர் கைக்கணக்கில் போடுவதை ஒவ்வொரு தடவையும் நிறுத்து எழுது. பொதுவான அளவு, அவித்த மாப்பிடிப்பான பழைய உருளைக்கிழங்கு ஒரு கிலோ, வெண்ணெய் 60 கிராம், கிரீம் 60 மில்லி, ஒரு தேக்கரண்டி உப்பு. கிழங்கைச் சூட்டோடு அழுத்திக் குழைத்து வெண்ணெயையும் கிரீமையும் சேர்த்து, மூடாமல் இரவு முழுக்க ஆறவிட வேண்டும். கோதுமை மா 200 முதல் 250 கிராம், தேய்ப்பதற்குச் சற்று முன்னர்தான். சூட்டில் மா போட்டால் நீர்விட்டு ஒட்டும், ஒட்டுகிறது என்று இன்னும் மா போட்டால் தோல் மாதிரி ஆகும். புதுக் கிழங்கிலும் இதே தொல்லைதான், ஈரம் அதிகம். கல்லு 250 பாகை செல்சியஸ் அளவு சூடாக இருக்க வேண்டும். பழுப்புப் புள்ளி விழுந்ததும் புரட்டி, எடுத்ததைத் துணிக்குள் அடுக்கு. அவர் செய்வதை வீடியோ எடு, கதைக்கவும் விடு. யார் பழக்கினார்கள், எந்த நாளுக்குச் செய்வார்கள் என்று கேள். 1918இல் அயோவா ஆளுநர் பொது இடங்களிலும் தொலைபேசியிலும் பிற மொழிகளைத் தடைசெய்தார். அந்தக் காலத்தில் மொழியை அடக்கி வாசித்த குடும்பங்களில் சமையலும் பாட்டும்தான் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தன. அவரிடம் கேட்க வேண்டியதை இந்த மாதமே கேட்டுவிடு, காகிதங்கள் காத்திருக்கும்.

பதிவேட்டில் விளங்காத வரி வந்தால் எனக்கு அனுப்பு. அந்த வரியை மட்டும் வெட்டி அனுப்பாதே, முழுப் பக்கமும் வேண்டும். பங்கு, ஏடு, வருடம், பக்க எண், தளம் தரும் நிலையான இணைப்பு எல்லாம் சேர்த்து அனுப்பு. மருமகனுக்கும் சம்பந்தி அம்மாவுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
அம்மா