இளநீரை அடித்துவிட்டுக் கொடுத்த தாள்

அன்புள்ள எல்லோருக்கும்,

இன்று காலை பதினொரு மணிக்கு ஃபைலில் கடைசித் தாளும் சேர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வாயில் கிருமித் தொற்று ஏதும் இல்லை, மாற்று சிறுநீரகம் வைக்கிற அறுவை சிகிச்சைக்குத் தடையில்லை என்று பல் மருத்துவர் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்த தாள். வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் நின்றபடியே கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் முகம் கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு என்று தள்ளினால், ஆஸ்பத்திரிக்குப் பை கட்டுகிற வேலையில் விட்டுப்போகும்.

பல்வலியில் அவர் துடித்த அந்தப் பன்னிரண்டு நாள் எப்படிப் போனது என்று உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேர் ராத்திரி பகல் பார்க்காமல் போன் போட்டுக் கேட்டீர்கள். அதை மறுபடி சொல்லப் போவதில்லை. ஒரு பல், ஒரு வீங்கின கன்னம், அதற்காக ஆபரேஷன் தேதியே தள்ளிப்போகிற நிலைமை. அவ்வளவுதான். "டயாலிசிஸ் பேஷண்டா? நாங்க தொடுறதில்லம்மா" என்று திருப்பி அனுப்பினவர்கள் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. ரத்தம் நிற்காமல் போய்விடுமோ என்று அவர்களுக்கும் பயம் இருந்திருக்கும். என்ன நோய், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வலி மாத்திரையை எழுதிக் கையில் கொடுத்த இடத்தை நினைத்தால்தான் இன்றும் வயிறு கலங்குகிறது.

அந்த மாத்திரை அட்டையை அவர் சட்டைப் பையிலிருந்து பார்த்து வெளியே எடுத்தவர் டயாலிசிஸ் டெக்னீஷியன் தம்பி. "டைக்ளோஃபினாக்கா? இதைத் தொடவே கூடாதுக்கா. சாருக்கு இன்னும் கொஞ்சம் யூரின் போகுது. அதையாவது காப்பாத்தணும். ரத்தம் வேற கசியும்" என்று சொல்லி, அட்டையைத் தன் பையில் போட்டுக்கொண்டார். மிஷினில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்து, அரசுப் பல் மருத்துவமனையில் தனக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் பேசினார். தம்பி, உங்கள் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் எழுதவில்லை.

மறுநாள் காலை நாங்கள் போய் நின்றது ஒரு மேற்படிப்பு மாணவியின் முன்னால். வயது இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். அவருக்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

டாக்டரம்மா, நீங்கள் வாயைத் திறக்கச் சொல்வீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் முதலில் கேட்டது, "ஐயா, ஃபிஸ்டுலா எந்தக் கையில?" அவர் இடது கையை நீட்டினார். மணிக்கட்டுக்கு மேலே தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த அந்தப் புடைப்பின் மேல் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். கை வைத்தால் உள்ளே வண்டு சுற்றுவது மாதிரி அதிரும். தினமும் ராத்திரி படுக்கப் போகுமுன் நான் தொட்டுப் பார்க்கிற இடம் அது. அந்த அதிர்வு நின்றால் அந்தக் கையில் டயாலிசிஸ் நடக்காது. 1966இல் நியூயார்க்கில் ப்ரெஷியா, சிமினோ என்ற மருத்துவர்கள் எழுதி வெளியிட்ட வழி இது என்று டெக்னீஷியன் தம்பி ஒருநாள் சொல்லியிருக்கிறார். வீட்டில் நானும் டயாலிசிஸ் அறையில் அவர்களும் தவிர வேறு யாரும் அதை அப்படித் தொட்டுப் பார்த்து நான் பார்த்ததில்லை. அப்புறம் வெள்ளைப் பிளாஸ்டர் ஒன்றைக் கிழித்து அந்தக் கையில் ஒட்டி, சிவப்புப் பேனாவால் "ஊசி வேண்டாம், பி.பி. வேண்டாம்" என்று எழுதினீர்கள். "நான் மறந்தாலும் நர்ஸ் பார்ப்பாங்க. நர்ஸ் மறந்தாலும் நீங்க பார்ப்பீங்க" என்றீர்கள். அந்த நிமிடமே எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. வலி இருந்தும் நீங்கள் பல்லை எடுக்கவில்லை. சீழை வடித்துவிட்டு, மருந்து கொடுத்து, புதன்கிழமை வரச் சொன்னீர்கள். ஏன் இன்னும் ஐந்து நாள் என்று எனக்கு அழுகை வந்தது. நீங்கள் உட்காரவைத்துச் சொன்னீர்கள். அவருக்கு டயாலிசிஸ் செவ்வாய், வியாழன், சனி. மிஷினில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் போடுவார்கள், அதனால் டயாலிசிஸ் அன்றைக்குப் பல்லில் கை வைக்கக் கூடாது. செவ்வாய் முடிந்து மறுநாள் காலைக்குள் ஹெப்பரின் வேகம் அடங்கியிருக்கும், உடம்பில் உப்பும் நீரும் யூரியாவும் குறைந்து ஆளும் தெம்பாக இருப்பார், அதுதான் நல்ல நேரம். தட்டணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தாலும் கிட்னி போனவர்களுக்கு அவை சரியாக ஒட்டாது, ரத்தம் நிற்க நேரம் பிடிக்கும் என்றும் சொன்னீர்கள். அதற்காக எங்கள் கிட்னி டாக்டருக்கு நீங்களே போன் செய்து, வியாழக்கிழமை டயாலிசிஸை மட்டும் ஹெப்பரின் இல்லாமல் ஓட்டச் சொல்லி ஏற்பாடு செய்தீர்கள். இரண்டு ஆஸ்பத்திரி டாக்டர்கள் எங்களைத் தூது அனுப்பாமல் தாங்களே பேசிக்கொண்டதை மூன்று வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன்.

புதன்கிழமை பல் எடுத்தது பத்து நிமிஷ வேலைதான். மல்லாக்கச் சாய்த்தால் அவருக்கு மூச்சு வாங்கும் என்று நாற்காலியைப் பாதிதான் சாய்த்தீர்கள். எடுத்த குழியில் பஞ்சு மாதிரி கரைகிற ஒன்றை வைத்து, இரண்டு தையல் போட்டு, துணியைக் கடிக்கச் சொன்னீர்கள். அப்புறம் உங்கள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு தடவை துணியை விலக்கிப் பார்த்தீர்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னை உருக்கிப்போட்டது.

கிளம்பும்போது நர்ஸ் எல்லோருக்கும் கொடுப்பது போல அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். பல் எடுத்தபின் செய்ய வேண்டியவை. நான் அதை மடித்துப் பையில் வைக்கப் போனேன். நீங்கள் "கொடுங்க" என்று வாங்கி, மேஜை மேல் விரித்து, பேனாவை எடுத்தீர்கள். "இளநீர், பழச்சாறு, ஐஸ்கிரீம் சாப்பிடலாம்" என்று ஒரு வரி. இளநீரை அடித்தீர்கள். பழச்சாற்றை அடித்தீர்கள். ஐஸ்கிரீமை அடித்தீர்கள். பக்கத்தில் "பொட்டாசியம்", "பாஸ்பரஸ்" என்று சின்னதாக எழுதினீர்கள். கிட்னி போனவர்களுக்கு இரண்டும் வெளியேறாமல் ரத்தத்தில் சேர்ந்துவிடும். "வீட்ல தண்ணி எவ்வளவும்மா கணக்கு?" என்று கேட்டீர்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறேன் என்றேன். "அப்போ ஐஸ் கட்டியை வாயில போடச் சொல்லாதீங்க, அதுவும் தண்ணிதான். துணியில கட்டிக் கன்னத்துக்கு வெளியில வைங்க" என்று அதையும் மாற்றி எழுதினீர்கள். மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும் என்று இருந்தது. உப்பு என்று பார்த்ததும் என் முகம் மாறியதைக் கவனித்திருக்கிறீர்கள். "துப்பிடணும், விழுங்கக் கூடாது. அவ்வளவுதான், பயப்படாதீங்க" என்று அடியில் கோடு போட்டீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆன்டிபயாட்டிக் எல்லோரையும் போல மூன்று வேளை இல்லை, இடைவெளி கூட்டி. டயாலிசிஸ் நாளில் டயாலிசிஸ் முடிந்த பிறகுதான், இல்லாவிட்டால் மிஷின் அதையும் வடித்துவிடும்.

கடைசியாக, "சரி, அப்போ ஐயா என்னதான் சாப்பிடுவாரு?" என்று என்னைக் கேட்டீர்கள். ஆறின இட்லி, குழைந்த சாதம், வேகவைத்து வடித்த சுரைக்காயை மசித்தது என்று நான் சொல்லச் சொல்ல, அடித்த வரிகளுக்குக் கீழே அதை எழுதினீர்கள். அச்சடித்த எழுத்தை விட உங்கள் கையெழுத்துதான் அந்தத் தாளில் அதிகம்.

வீட்டில் ஒருவருக்குத் தனியாகச் சமைக்கிறவர்களுக்கு இது புரியும். மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் இரண்டு சமையல். காயை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டி, மறுபடி தாளித்து, உப்பைக் கிள்ளி எடுத்துப் போட்டு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் கையில் ஒரு டப்பா. "ஒரு நாளைக்குச் சாப்பிட்டா என்ன ஆகிடும்" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் அந்தக் கணக்கு முழுக்க என் தலையில் மட்டுமே இருந்தது. அன்றைக்குத்தான் பல்லைப் பார்க்கிற டாக்டர் ஒருவர், நான் சொல்லாமலே அந்தக் கணக்கை எடுத்துத் தன் பேனாவில் போட்டார். டாக்டரம்மா, உங்களுக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு அது எவ்வளவு பெரிய சுமையை இறக்கிவைத்தது என்று அப்போது சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வாரம் தையல் பிரிக்கப் போனபோது ஒன்று கேட்டேன். டயாலிசிஸ் அறையில் இருக்கிற எல்லோருக்கும் இந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கட்டுமா? நீங்கள் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றீர்கள். "இது ஐயாவுக்கு எழுதினதும்மா. அவங்கவங்களுக்கு வேற வேற." அப்போது முழுசாகப் புரியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தபோது புரிந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு அண்ணன், இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர். பல்லுக்காக, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற அசிட்ரோம் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு வந்திருந்தார். நீங்கள் பதறிப்போய், நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டிவிடும் என்று சொல்லி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். டெஸ்டை உடனே பார்க்க அனுப்பினீர்கள். அவருக்குப் பல் எடுக்குமுன்னே ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும் என்றீர்கள். ஒரு அம்மாவுக்கு முன்பு வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தார்கள். அந்தத் தாடையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம் என்று, பிடுங்காமலே காப்பாற்ற வழி தேடினீர்கள். ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோய் உள்ள ஒரு பையன். அவனுக்கு முதலில், ரத்தம் உறைய உதவுகிற ஃபேக்டர் மருந்தை ஏற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம். நால்வருக்கும் பல்வலிதான். உங்கள் முதல் கேள்வி நால்வருக்கும் வேறாக இருந்தது.

அதனால் தாளை நகல் எடுக்கவில்லை. ஆனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். டயாலிசிஸ் அறைக்குப் புதிதாக யார் வந்தாலும், கூட வருகிற அக்காவிடமோ அம்மாவிடமோ போய் உட்கார்ந்து, "பல்லை இப்பவே காட்டுங்க" என்று சொல்வேன். மாற்று சிறுநீரகம் வைத்த பிறகு, உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து வாழ்நாள் முழுக்க உண்டு. அப்போது ஒரு சொத்தைப் பல்லின் சீழ் உடம்பையே சாய்த்துவிடும். இது எனக்கு முதல் வருஷமே தெரிந்திருந்தால் அவர் அந்தப் பன்னிரண்டு நாள் துடித்திருக்க மாட்டார். வாயில் நாற்றம், ஈறு வீக்கம் எல்லாம் இந்த நோயில் சகஜம் என்று நானே விட்டுவிட்டேன். இன்னொருத்தி அப்படி விட நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மற்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, ஒரே மூச்சில் சொல்கிறேன். புதன்கிழமை காலை ஆறு மணிக்கே வந்து, மாலை வரை வெயிட்டிங் பணம் வாங்காமல் நின்ற ஆட்டோ அண்ணனுக்கு. பிள்ளைகளைத் தன் வீட்டில் படுக்க வைத்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவுக்கு. காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் எங்கள் கார்டில் இருந்த பெயர்ப் பிழையை அலையவிடாமல் சரிசெய்து கொடுத்த பெண்ணுக்கு. ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட அவருடைய மில் நண்பர்களுக்கு. மூன்றாம் கட்டிலில் படுத்துக்கொண்டு, தன் வலியை மறந்து எங்களுக்குத் தைரியம் சொன்ன வாத்தியார் ஐயாவுக்கு. ஹெப்பரின் இல்லாத அன்றைக்கு மிஷினில் ரத்தம் உறைந்துவிடாமல் நாலு மணி நேரமும் பக்கத்திலேயே நின்று சலைன் விட்டுக்கொண்டிருந்த சிஸ்டர்களுக்கு. எங்கள் கிட்னி டாக்டருக்கு.

மதினிக்கு இதில் நன்றி எழுதவில்லை. தன் சிறுநீரகத்தைத் தம்பிக்குத் தருகிறவரிடம் நன்றி என்று சொன்னால் அடிக்க வருவார். "என் தம்பிக்கு நான் கொடுக்கிறேன், நீ யாருடி நன்றி சொல்ல" என்று ஏற்கெனவே ஒரு தடவை திட்டு வாங்கிவிட்டேன்.

வருகிற திங்கட்கிழமை அட்மிஷன். இருவருக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள். டாக்டரம்மா, அந்தத் தாளை ஃபைலில் வைக்கவில்லை, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து, கிட்னி டாக்டர் சரி என்று சொல்கிற அன்றைக்கு, இரண்டு இளநீர் வாங்கிக்கொண்டு உங்கள் வார்டு வாசலுக்கு வருவோம். ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு.

அன்புடன்,
அவர் மனைவி