ரெட் ஸோன் சிஸ்டரைப் பகலில் வந்து பார்க்காதீர்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், செவிலியர் விருதுகளுக்குப் பெயர் பரிந்துரைக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் 108 ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் அரசு மருத்துவமனையில், விபத்து அவசர சிகிச்சைப் பிரிவின் ரெட் ஸோனில், அதாவது உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவர்களைப் பார்க்கும் பகுதியில், வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரைப் பற்றித்தான் இந்த மடல். பெயரைப் போடவில்லை, போட்டால் அந்த சிஸ்டர் என்னோடு பேசமாட்டார். துறையிலிருந்து முறையாகக் கேளுங்கள், தருகிறேன். சாட்சிக்கு, பயிற்சி டாக்டர்களான ஹவுஸ் சர்ஜன்களையும் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணன்களையும் சேர்த்தே கூட்டி வருகிறேன்.

தேசிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது 1973-லிருந்து கொடுக்கப்படுகிறது. மே 12 வந்தால் மாவட்டத்திலும் கேக் வெட்டி, சால்வை போர்த்தி, பாராட்டிதழ் தருகிறார்கள். வாங்கியவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை, தகுதி இல்லாமல் யாரும் வாங்கியதாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ரெட் ஸோனிலிருந்து ஒருவர் மேடை ஏறி நான் பார்த்ததே இல்லை. காரணம் லேசானது: சான்றிதழும் பயிற்சிக் கடிதமும் ஃபைலில் வைத்துக் காட்டலாம், ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஆள் சாகாமல் இருந்ததை எந்த ஃபைலில் வைப்பது?

அந்த சிஸ்டர் என்ன செய்கிறார் என்று சொல்கிறேன். நாங்கள் வழியில் இருக்கும்போதே போன் செய்துவிடுவோம். போய்ச் சேரும்போது, வாயிலும் தொண்டையிலும் சேர்ந்த ரத்தத்தை உறிஞ்சும் சக்‌ஷன் ஓடிக்கொண்டிருக்கும், நரம்பில் மருந்து ஏற்றும் பச்சை வென்ஃப்ளான் ஊசி இரண்டு பிரித்து வைத்திருக்கும், கத்திரிக்கோல் கையில் இருக்கும். துணியை வெட்டி எடுத்துவிட்டு, நான்கு பேரை வைத்து உடம்பை ஒரே வாக்கில் புரட்டி முதுகைப் பார்க்காமல் விடமாட்டார். முன்பக்கக் காயத்தைப் பார்த்துப் பதறி முதுகை மறக்கிற ஆட்கள் நிறைய உண்டு, இடுப்பு எலும்பு உடைந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் உள்ளேயே ரத்தம் கொட்டும் என்பதையும் அப்படித்தான் மறப்பார்கள். இடுப்பில் சந்தேகம் வந்தால், அதற்கென்று இருக்கும் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருக்காமல் பெட்ஷீட்டை மடித்து இறுக்கிக் கட்டிவிடுவார்.

அப்புறம் நேரம். "எத்தனை மணிக்கு அடிபட்டது?" என்று கூட வந்தவர்களிடம் கேட்டால் "இப்பதான் சிஸ்டர்" என்பார்கள். எல்லாருக்கும் அது இப்பதான். அவர் என் பக்கம் திரும்பி, 108-க்கு அழைப்பு வந்த நேரத்தைக் கேட்டு, நோயாளியின் கையில் ஒட்டிய பிளாஸ்திரியிலேயே எழுதிவிடுவார். ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் ஊசியை அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும், முந்தினால் இன்னும் நல்லது. 40 நாடுகளில், அடிபட்ட 20,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இந்த ஊசியைச் சோதித்த கிராஷ்-2 ஆய்வு 2010-ல் வெளிவந்தது. மூன்று மணி நேரம் தாண்டிப் போட்டால் கெடுதல்கூட வரலாம் என்பது அதே ஆய்வின் கணக்குகளை மறுபடி அலசியதில்தான் தெரிந்தது. அந்த ஊசி ஒன்றும் விலை உயர்ந்ததல்ல. ஆனால் மணி தெரியாதவர் கையில் அது பாதி மருந்துதான்.

ஒரு ராத்திரி பைக்கில் விழுந்த பையன் ஒருவனைக் கொண்டுபோனோம். சாராய வாடை, உளறல். அங்கே இருந்த பலரும் "தெளிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்கிற முகத்தோடு நின்றார்கள். வரும்போது அவனுடைய கிளாஸ்கோ ஸ்கோர், அதாவது நினைவு எவ்வளவு தெளிவு என்று 15-க்குப் போடும் மார்க், 13. ஸ்கோரைச் சும்மா கூட்டி எழுதாமல் கண், பேச்சு, அசைவு என்று தனித்தனியாக எழுதுவது இவர் வழக்கம். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார், 11. "குடிச்சிருந்தா நேரம் ஆக ஆக ஏறணும் டாக்டர், இறங்குது" என்று பயிற்சி டாக்டரிடம் சொல்லி, சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பும்வரை விடவில்லை. மண்டைக்குள் ரத்தக்கட்டு. மருத்துவக் கல்லூரிக்கு எங்கள் வண்டியில்தான் மாற்றினோம், போய்ச் சேருவதற்குள் அங்கே எல்லாருக்கும் விவரம் தெரிந்திருந்தது, இவர் போன் போட்டிருந்தார். பையன் பிழைத்தான். அவனுக்கு இன்றுவரை இவர் யாரென்று தெரியாது.

தாலியைக் கழற்ற வேண்டிய நேரத்தில் மாமியாரிடம் பேசுவது இன்னொரு வேலை. புடவை பின்சக்கரத்தில் சிக்கி விழுந்த பெண்ணுக்கு சி.டி. எடுக்க வேண்டும், கழுத்தில் நகை இருக்கக்கூடாது, வீட்டார் கத்துகிறார்கள். சிஸ்டர் சத்தம் போடாமல் "உயிரோட இருந்தா நீங்களே திரும்பக் கட்டி விடுங்கம்மா" என்றார். நகையை எண்ணி, கவரில் போட்டு, அதே மாமியாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். இதற்கு எந்தப் பயிற்சியில் மார்க் போடுகிறார்கள் என்று தெரியவில்லை.

இந்த சிஸ்டர் 2015-ல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்கு வந்தவர். 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டு, சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடிய நர்சுகளில் இவரும் ஒருவர். இப்போது நிரந்தரமாகிவிட்டார். அதற்கு எத்தனை வருஷம் ஆனது என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.

2022-ல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள், 17,884 பேர் செத்தார்கள். 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தை 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கினீர்கள். நல்ல திட்டம், முதல் 48 மணி நேரம் பணம் கேட்காமல் பார்க்கிறார்கள் என்பதை எங்கள் வண்டியில் ஏறுகிறவர்கள் இப்போது அவர்களாகவே சொல்கிறார்கள். ஆனால் அந்த 48 மணி நேரத்தின் முதல் பத்து நிமிடம் யார் கையில் இருக்கிறது?

எனவே நான் கேட்பது சால்வை மட்டுமல்ல. விருதுக்குப் பெயர் கேட்கும்போது, நோயாளியை ஒப்படைக்கிற எங்களிடமும், கூட நிற்கிற ஹவுஸ் சர்ஜன்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். விண்ணப்பம் எழுத இவருக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை. இரண்டாவது, இதுதான் முக்கியம்: வார்டு மாற்றம் என்ற பெயரில், ரெட் ஸோனில் கை பழகியவரைத் தூக்கி வெளிநோயாளர் பிரிவில் சீட்டு எழுத வைக்காதீர்கள். போன முறை இவரை மாற்றியபோது, நாங்கள் வாசலில் நின்று வென்ஃப்ளான் தேடிக்கொண்டிருந்தோம். அங்கேயே இருக்க விரும்புகிறவர்களை இருக்க விடுங்கள், அதற்குத் தனிப் படியும் கொடுங்கள்.

நேரில் பார்க்க யாரையாவது அனுப்புவதாக இருந்தால் காலை பத்து மணிக்கு அனுப்ப வேண்டாம், அப்போது தரை துடைத்துப் பளபளவென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றுக்கு மேல் அனுப்புங்கள். நாற்காலி கிடைக்காது, சுவரோரம் நிற்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
108 வண்டிக்காரன் ஒருவன்