நெல்லு விலையை எழுதுகிறீர்கள், நெல்லுத் தூசியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நெல்லு விலை பற்றி நீங்கள் போட்ட கட்டுரையைப் படித்தேன். ஒவ்வொரு பெரும்போக வெட்டு முடிந்ததும் இதே பேச்சுத்தான், கிலோ என்ன விலை, அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை எப்போது வாங்கும், ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் என்றால் எடுக்க மாட்டார்களாம் என்று. சரி, எழுத வேண்டியதுதான். ஆனால் அந்த 14 வீதத்துக்கு மேல் நின்ற நெல்லு பிறகு எங்கே போகிறது, அதை யார் தூக்குகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் மச்சான் தூக்கினார், அக்காவின் புருஷன். ஒரு நெல்லு ஸ்டோரில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை, பதினொரு வருடம்.

மாசி மாதத்தில் சம்மாந்துறைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், பாதி றோட்டில் நெல்லுத்தான் காயும். வானம் இருண்டால் படங்கை இழுத்து மூடி, அரைகுறையாகக் காய்ந்ததைச் சாக்கில் கட்டி அனுப்பிவிடுவார்கள், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, கடன்காரன் வாசலில் நிற்கிறான். அந்த ஈர நெல்லு, சாக்குகளை அடுக்கிய அட்டியில் கிடந்து தானாகவே சூடேறும். நடுச்சாக்குக்குள் கையை விட்டால் சுடுசோற்றுக்குள் விட்ட மாதிரி இருக்கும் என்பார் மச்சான். அந்தச் சூட்டில் பூஞ்சணமும், சூட்டிலேயே செழிக்கிற சில வகைப் பற்றீரியாக்களும் பெருகும். அடிச்சாக்கை இழுக்கும்போது நெல்லு கட்டி கட்டியாக ஒட்டிக்கிடக்கும், உடைத்தால் சாம்பல் நிறத்தில் புகை மாதிரி ஒன்று கிளம்பும். உடம்பில் நெல்லுச் சுணை கடித்தால் குளித்ததும் போய்விடும். இந்தப் புகை நெஞ்சுக்குள் போய்விட்டால் குளித்து என்ன செய்வது?

பழைய அட்டி பிரித்த நாளில் இரவு சாப்பாட்டுக்கு முன்பே அவருக்கு நடுக்கம் தொடங்கும். காய்ச்சல், உடம்பு உளைவு, வறட்டு இருமல், கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கும். இரண்டு நாள் வீட்டில் கிடந்தால் சுகம், திரும்ப வேலைக்குப் போவார். முதலில் வைரஸ் காய்ச்சல் என்றார்கள், டெங்குவுக்கு இரத்தம் பார்த்தார்கள், பிறகு சளி எடுத்துக் காசநோய் இல்லை என்றார்கள், கடைசியில் முட்டு, அதாவது ஆஸ்துமா என்று பம்ப் கொடுத்தார்கள், அது பெரிதாக உதவவில்லை. வாழைச்சேனையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஐந்து நாள் நின்றபோது இருமல் கிட்டத்தட்ட இல்லை. வந்து வேலைக்குப் போன அன்றிரவே பழையபடி. அக்காதான் இதைக் கவனித்தாள். செய்வினை என்று பக்கத்து வீட்டில் சொன்னதையும் நான் மறைக்கவில்லை.

வருத்தம் தொடங்கி மூன்றாவது வருடம் ஒரு இளம் டொக்டர் ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்டார். அவ்வளவுதான். பிறகு சி.ரி. ஸ்கேன், ஊதிப் பார்க்கும் பரிசோதனை எல்லாம் செய்து, ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி என்றார். மேல்நாட்டில் ஈரமான வைக்கோலை உதறுகிற விவசாயிகளுக்கு வருகிற அதே வருத்தம், ‘விவசாயி நுரையீரல்’ என்றே அங்கே பெயராம், பிரிட்டனில் 1932இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். புறா வளர்ப்பவர்களுக்கும் எச்சத்தாலும் இறகுத் தூசியாலும் வருமாம். முட்டு மூச்சுக்குழாயில் வருவது, இது அதற்கும் கீழே காற்றுப்பைகளில். தூசி பட்டு நான்கு முதல் எட்டு மணித்தியாலம் கழித்துத்தான் காய்ச்சல் காட்டும் என்பதால் வேலையோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. ஒரே ஸ்டோரில் பத்துப் பேர் நின்றால் பத்துப் பேருக்கும் வராது, அதனால் மற்றவர்கள் ‘எங்களுக்கு ஒன்றுமில்லையே’ என்பார்கள். தொடக்கத்திலேயே தூசியை விட்டு விலகினால் பெரும்பாலும் சுகமாகிவிடும், திரும்பத் திரும்பப் பட்டால் நுரையீரல் தழும்பாகி இறுகும், அந்தத் தழும்பை எந்தக் குளிசையாலும் கரைக்க முடியாது. மச்சானுக்குக் கொஞ்சம் இறுகிவிட்டது.

‘என்ன தொழில் செய்கிறாய்?’ என்று நோயாளியைக் கேள் என்று இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700இலேயே எழுதினார், தானியம் புடைக்கிறவர்களின் மூச்சுத்திணறலையும் சேர்த்தே எழுதினார். முந்நூறு வருடம் கழித்தும் எங்கள் ஆஸ்பத்திரித் துண்டுகளில் வயது இருக்கிறது, ஊர் இருக்கிறது, தொழிலைக் காணவில்லை. பேக்கரியில் மாக்குழைக்கிறவர், தச்சுப்பட்டறையில் நிற்கிறவர், வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கிறவர் முட்டு என்று வந்தாலும் இந்தக் கேள்வி வேண்டும், அவர்களுடையது வேறு வகை என்றாலும்.

முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூக்கில் கட்டுகிற லேஞ்சி (கைக்குட்டை) அந்த நுண்தூளைத் தடுக்காது, கொரோனாவுக்கு வாங்கினோமே என்95, அந்த மாதிரி முகத்தோடு ஒட்டி நிற்கிற மாஸ்க் வேண்டும். அதைவிட முக்கியம் காயாத நெல்லை அட்டி போடாமல் விடுவது, ஸ்டோரின் இரு பக்கக் கதவையும் திறந்து காற்றோட விடுவது. 1942இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, தொழிலாளர் நட்டஈட்டுக்கு 1934இலிருந்தே சட்டம் இருக்கிறது, அதில் விபத்து மட்டுமல்ல, தொழிலால் வரும் நோய்களுக்கும் இடம் உண்டு. ஆனால் நாட்கூலிக்குச் சம்பளத் துண்டும் இல்லை, பதிவும் இல்லை. மச்சான் ஸ்டோரில் போய் நட்டஈடு கேட்டபோது ‘உனக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டுத்தானே’ என்றார்கள். இருந்ததே இல்லை.

இப்போது அவர் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார், கூலி பாதி. இதைப் பிரசுரித்தால் என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். மச்சானின் தம்பி இன்னும் அதே ஸ்டோரில்தான் மூட்டை தூக்குகிறான், போன கிழமையிலிருந்து அவனும் இருமுகிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பாறை மாவட்டம்