அலமாரியில் சூரியகாந்தி விதைக்கு ஓர் இடம்

அன்புள்ள மகளுக்கு,

சூரியகாந்தி விதை வாங்கலாமா என்று போனில் நீ கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம்: வாங்கு. ஆனால் எதை வாங்குவது, எப்படி வைப்பது, யாருக்கு எப்படிக் கொடுப்பது என்பதையெல்லாம் போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு. கடைக்குப் போவது பெரும்பாலும் அவர்தானே.

பெரியவளுக்கு வேர்க்கடலையும் முந்திரியும் ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்றே இரண்டையும் வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டாய். நல்ல காரியம். ஆனால் அந்த இரண்டும் போனதால் சமையலறையில் ஓர் இடம் காலியாகிவிட்டது. கொஞ்சம் தின்றாலே பசி அடங்குகிற, ரொட்டியில் தடவ உதவுகிற, கிரேவியைக் கெட்டியாக்குகிற பொருள் ஒன்று வேண்டும். தோல் நீக்கிய, வறுக்காத பச்சை சூரியகாந்தி விதை அந்த மூன்று வேலையையும் செய்யும். இது மரக்கொட்டை வகையும் இல்லை, வேர்க்கடலையைப் போலப் பயறு குடும்பமும் இல்லை. சாமந்தியும் டாலியாவும் சேர்ந்த குடும்பத்துச் செடி. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதமும் இதில் இயல்பிலேயே கிடையாது.

சத்தைப் பற்றிக் கேட்டாய். தோல் நீக்கிய விதை 100 கிராமில் சுமார் 21 கிராம் புரதம், 51 கிராம் கொழுப்பு, எட்டரை கிராம் நார்ச்சத்து. புரதத்தில் வேர்க்கடலையைவிடக் கொஞ்சம் குறைவு. வைட்டமின் ஈ-யில் அதைப்போல நான்கு மடங்கு இருக்கும், பாதாமைக்கூட மிஞ்சிவிடும். பெரியவள் வயதுக்கு ஒரு நாளைக்கு 7 மில்லிகிராம் வைட்டமின் ஈ போதும். 10 கிராம் விதை, அதாவது ஒரு மேசைக்கரண்டி, அதில் பாதியைத் தந்துவிடும். அவளுக்குத் தேவையான மக்னீசியத்தில் கால் பங்கும் அதிலேயே வரும். செலினியம், பாஸ்பரஸ், பி1, பி6, ஃபோலேட் எல்லாம் நன்றாகவே உண்டு. ஆனால் கால்சியத்துக்கு இதை நம்பாதே, அதில் ரொம்பக் குறைவு. இரும்பு இருக்கிறது, இருந்தாலும் கீரையில் இருப்பது போலவே உடம்பு லேசில் உறிஞ்சாத வகை. எலுமிச்சைச் சாறோ பழமோ கூட இருந்தால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். புரதத்திலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு, பயறு வகைகளில் அது நிறைய இருப்பதால், அவற்றை வழக்கம்போலச் சமைத்து வந்தால் அந்தக் குறை தெரியாது.

சரி, இதை ஒரு மருந்து மாதிரி யாராவது சொன்னால் காதில் வாங்காதே. இது சாப்பாடு. 30 கிராமுக்கு மேல் போனால் கலோரி ஏறிக்கொண்டே போகும், அந்த 30 கிராமிலேயே 175 இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. சூரியகாந்திச் செடி மண்ணில் உள்ள காட்மியம் என்ற உலோகத்தை மற்றப் பல பயிர்களைவிட நன்றாக இழுத்துக்கொள்ளும், அதில் ஒரு பங்கு விதைக்கும் போகும். தினம் ஒரு கைப்பிடி என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. மூன்று வேளையும் இந்த விதையின் மாவு, இதை அரைத்த பால், இதை அரைத்த வெண்ணெய் என்று போவதுதான் வேண்டாம்.

இப்போது அலர்ஜி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நிதானமாகப் படி.

பாக்கெட்டில் 'அலர்ஜிக்கு உகந்தது' என்று போட்டிருப்பதை ஒரு விளம்பர வாசகமாக மட்டும் எடுத்துக்கொள். அமெரிக்கச் சட்டம் ஒன்பது முக்கிய ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலிட்டிருக்கிறது. 2021-இல் வந்த சட்டத்தால் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்து, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் பதினான்கு. இரண்டிலும் சூரியகாந்தி இல்லை, ஏனென்றால் அது ஆகாதவர்கள் குறைவு. குறைவு என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தம் கிடையாது. பறவை வளர்த்து அதன் தீனியை அடிக்கடி கையாளுகிறவர்களுக்கும், இதே குடும்பத்துச் செடிகளின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இந்த விதை ஆகாமல் போனதுண்டு. ஒரு கொட்டை ஆகாத குழந்தைக்கு வேறு விதைகளும் ஆகாமல் போகலாம். அதனால் முதல் ஸ்பூனுக்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. அவர் சரி என்றால், பகல் வேளையில், நீ பக்கத்தில் இருக்கும்போது, மிகக் கொஞ்சமாகத் தொடங்கு. தூங்கப் போகும் நேரத்திலோ பயணத்திலோ புது உணவைச் சோதிக்காதே. தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, இருமல், மூச்சிரைப்பு என்று எது வந்தாலும் டாக்டர் எழுதிக் கொடுத்த திட்டத்தை எடு. கடுமையான விளைவுக்கு எபினெஃப்ரின் ஊசிதான் முதல் மருந்து, அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது.

பெரியவளைப் பொறுத்தவரை நான் விதையைவிட அதை அடைத்த ஆலையைத்தான் அதிகம் சந்தேகிப்பேன். ஒரே இயந்திரத்தில் காலையில் முந்திரி, மதியம் சூரியகாந்தி என்று ஓடினால், விதை என்ன நல்லதாக இருந்தும் பயனில்லை. 'வேர்க்கடலையும் கொட்டைகளும் கையாளப்படும் இடத்தில் தயாரானது' என்ற மாதிரி எச்சரிக்கை வரி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடு. அந்த வரி இல்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிடவும் முடியாது, பல நாடுகளில் அதைப் போடச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. தயாரிப்பவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, 'இதே இயந்திரத்தில் வேர்க்கடலையோ முந்திரியோ ஓடுகிறதா, நடுவே எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்' என்று நேராகக் கேள். நேரான பதில் சொல்கிற நிறுவனத்தையே பிடித்துக்கொள். மூடியைத் திறந்து வைத்து, கரண்டி போட்டு அள்ளிக்கொள்ளும் தொட்டிகளில் வாங்கவே வேண்டாம். அந்தக் கரண்டி பக்கத்துத் தொட்டிக்குப் போய் வந்ததா என்று யாருக்குத் தெரியும்? அதே பிராண்டு, அதே பாக்கெட் என்றாலும் ஒவ்வொரு தடவையும் லேபிளைப் படி. ஆலையை மாற்றுவதற்கு முன் யாரும் நம்மிடம் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

தோட்டத்தில் விதைக்க விற்கும் விதையையும் பறவைத் தீனியையும் மலிவு என்று மாப்பிள்ளை எடுத்து வந்துவிடப் போகிறார், சொல்லி வை. முதல் வகையில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கலாம். இரண்டாவது மனிதர் தின்பதற்கென்று சுத்தம் செய்யப்படுவதில்லை.

ஏன் பச்சையாக, உப்பில்லாமல் வாங்கச் சொல்கிறேன் என்றால், வறுத்து உப்புப் போட்டதை வாங்கினால் அதைக் கொறிக்க மட்டும்தான் முடியும். பச்சையாக இருந்தால் ஊறவைக்கலாம், அரைக்கலாம், வறுக்கலாம், உப்பின் அளவும் நம் கையில் இருக்கும். ஆனால் பச்சை என்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இந்த மாதிரி உலர்ந்த பொருளில் பெருகாது, ஆனால் சாகாமல் மாதக்கணக்கில் கிடக்கும். பெரியவர்கள் ஒரு பிடி தின்பதற்கு நான் பெரிதாக யோசிக்க மாட்டேன். சின்னவனுக்கும், கர்ப்பிணிகளுக்கும், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் வறுத்தே கொடு, சின்னவனுக்கு மட்டும் வறுத்ததை அரைத்து. ஊறவைத்தால் ஃபிரிட்ஜில் வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுநாளே தீர்த்துவிடு. முளைகட்டிப் பச்சையாகத் தின்னும் யோசனை நம் வீட்டுக்கு வேண்டாம், முளைக்க வைக்கும் அதே ஈரமும் சூடும் கிருமிக்கும் விருந்து.

வறுப்பதற்கு வாணலியில் சிறு தீ, எண்ணெய் வேண்டாம், கை எடுக்காமல் கிளற வேண்டும். ஓரம் லேசாகப் பொன்னிறம் ஆனதும் தட்டில் கொட்டிவிடு. வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிக் கசந்துவிடும்.

இதன் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு. உடம்புக்கு நல்லது, ஆனால் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். அடுப்புக்குப் பக்கத்துக் கண்ணாடி ஜாடி பார்க்க அழகாக இருக்கும், விதைக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. சில வாரங்களில் தீர்ந்துபோகும் அளவு மட்டும் வாங்கி, இறுக மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வை. மிச்சம் இருந்தால் ஃப்ரீசரில். ஃப்ரீசரிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காதே. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் உள்ளே ஈரம் படியாது. பழைய பெயின்ட் மாதிரி வாடை அடித்தாலோ, நுனி நாக்கில் வைத்ததும் காறினாலோ, குப்பையில் போட்டுவிடு. வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதே.

முந்திரி விழுதுக்குப் பதிலாகப் போடுவதற்கு, விதையை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, புதுத் தண்ணீர் கொஞ்சம் விட்டு மிக்ஸியில் வெண்ணெயாக அரை. முந்திரியின் வெள்ளை வராது, லேசாகச் சாம்பல் தட்டும், இனிப்பும் குறைவு. சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ருசி எடுபடும். ரொட்டியில் தடவுவதற்கு என்றால் வறுத்து ஆறிய விதையை எடுத்துக்கொள். முதலில் பொடியாகும், அப்புறம் கட்டிபிடித்து மிக்ஸி சுவரில் ஒட்டும், இனி ஆகாது என்று தோன்றும். நிறுத்தி நிறுத்தி, வழித்துவிட்டு, விடாமல் ஓட்டு. ஒரு கட்டத்தில் அதன் எண்ணெயே வெளியே வந்து இளகிவிடும். தண்ணீர் மட்டும் விடாதே, சீக்கிரம் கெட்டுப்போகும்.

அதை பிஸ்கட்டிலோ கேக்கிலோ போட்டு, உள்ளே பச்சை நிறமாக மாறியிருந்தால் பயந்து கொட்டிவிடாதே. விதையில் குளோரோஜெனிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, சமையல் சோடாவின் காரத்தோடு சேர்ந்தால் அப்படி நிறம் மாறும். பூஞ்சை இல்லை, தின்னலாம். சோடாவைக் குறைத்து எலுமிச்சைச் சாறு கொஞ்சம் சேர்த்தால் மாறாது. பெரியவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பச்சை வேண்டும் என்றே கேட்பாள் என்று நினைக்கிறேன்!

சின்னவனுக்கு இரண்டு வயதுதான், முழு விதை கூடவே கூடாது. மூச்சுக்குழாயில் போய் உட்கார்ந்துவிடும் அளவு அது. அரைத்த வெண்ணெயும் ஸ்பூனில் கட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ரொட்டியில் மெல்லியதாகத் தடவு, இல்லையென்றால் கஞ்சியில் கரை. ஓட்டோடு இருக்கும் விதையை இரண்டு பேர் கைக்கும் எட்டவிடாதே. ஓட்டையும் சேர்த்து விழுங்கிய குழந்தைகளுக்கு அது குடலில் அடைத்துக்கொண்டு மருத்துவமனை வரை போனதுண்டு.

கடைசியாகப் பள்ளிக்கூட டப்பா. நான் அதிகம் யோசித்தது இதைத்தான். சூரியகாந்தி வெண்ணெய் பார்ப்பதற்கு அச்சு அசல் வேர்க்கடலை வெண்ணெய்தான், வாசனையும் கிட்டத்தட்ட அதே. ஆசிரியை ஒருநாள் அதைப் பார்த்துப் பதறுவார். டப்பாவின் மேல் பெயரை எழுதி ஒட்டி, முன்னதாகவே எழுத்தில் தெரிவித்துவிட்டால் அது தீர்ந்தது. எனக்குப் பயம் வேறு. வீட்டில் தினமும் அந்தப் பழுப்பு நிற வெண்ணெயைத் தின்று பழகிய குழந்தைக்கு, தோழியின் டப்பாவில் இருக்கும் வேர்க்கடலை வெண்ணெயும் தன்னுடையது போலவே தோன்றாதா? இதுவரை அந்த நிறமும் வாசனையுமே அவளுக்கு ஓர் எச்சரிக்கையாக இருந்தது, நாமே அதை எடுத்துவிடுகிறோம். அதனால் அரைத்த வெண்ணெயைப் பள்ளிக்குக் கொடுக்காதே என்பதுதான் என் கருத்து, வீட்டோடு இருக்கட்டும். பள்ளிக்கு வறுத்த விதையைக் கொடு, அதுவும் பள்ளி விதைகளை அனுமதித்தால் மட்டும். அதற்கு ஒரு தனி வடிவம் இருப்பதால் அவளுக்கே அடையாளம் தெரியும். 'நம் வீட்டு டப்பாவில் இருப்பது மட்டும்தான் நம்முடையது, பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் கேட்காமல் வாயில் வைக்கக் கூடாது' என்று நீயும் சொல், மாப்பிள்ளையும் சொல்லட்டும். ஒரே ஆள் சொன்னால் அது அம்மாவின் நச்சரிப்பாகப் போய்விடும்.

வாங்கினதும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, எழுத்து தெரிகிற மாதிரி. நானும் ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன். தயாரிப்பவருக்கு எழுத வேண்டிய மின்னஞ்சலை வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன், நீ உன் பெயரில் அனுப்பிக்கொள். டாக்டரைப் பார்க்கும்போது எள்ளைப் பற்றியும் சேர்த்துக் கேட்டுவிடும்மா, அதற்கும் ஒரு பதில் தெரிந்தால்தான் அடுத்து என்ன வாங்கலாம் என்று பார்க்க முடியும்.

அன்புடன்,
அப்பா